கூட இறங்கினவள்

அக்டோபர் 9, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. இந்த டைரி எங்கள் தெரு மருந்துக் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து ஒரு எழுத்து எழுதவில்லை. ஷெரின்தான் பெட்டியில் போட்டு, "போரடிச்சா இதுல எழுதும்மா, எனக்கு மணிக்கொரு மெசேஜ் அனுப்பாதே" என்றாள். பெற்ற மகள் பேசும் பேச்சு.

இது இங்கிலாந்தின் வட கோடி. விமான நிலையத்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். வழியில் மனிதர்களை எண்ணிவிடலாம், ஆடுகளை எண்ண முடியாது. பாடகி மோரா ஹெஸ்லாப் தானே வந்து அழைத்துப் போனாள். 'கன்ட்ரி' பாடுகிறவள் என்றார்களே, பெரிய தொப்பியும் முழங்கால் வரை பூட்ஸுமாக வருவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவள் மழைக்கோட்டும் முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டருமாக, தபால் ஆபீஸில் ஸ்டாம்ப் கொடுக்கிறவள் மாதிரி இருந்தாள். நாற்பது வயது இருக்கும். என் கையிலிருந்த கிட்டார் பெட்டியை மட்டும் வாங்கவில்லை. "இதை நீங்களே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

பழைய ஒரு சிறு தேவாலயத்தை ஸ்டூடியோ ஆக்கியிருக்கிறார்கள். ஒட்டினாற்போல் மோராவின் வீடு. மாடியில் எனக்கு அறை. மூன்று வாரம், ஐந்து பாட்டு.

போன் செய்தேன். ஷெரின் எடுத்தாள். அப்பா குளிக்கிறாராம்.

அக்டோபர் 10, செவ்வாய்

நான் யார் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பியூலா, வயது ஐம்பத்தேழு, பெரம்பூர். ஹவாயன் கிட்டார் வாசிக்கிறேன். மடியில் கிடத்தி, தந்தியை விரலால் அழுத்தாமல், ஓர் இரும்புத் துண்டை மேலே வைத்து நகர்த்தி வாசிப்பது. இரும்பு எங்கே நிற்கிறதோ அங்கேதான் சுரம். ஒரு மயிரிழை முன்னே பின்னே போனாலும் சுரமும் போகும். எங்கள் சீலன்ஸ் ஆர்கெஸ்ட்ராவில் முப்பத்தொரு வருடமாக வாசிக்கிறேன். சீலன் என்றால் ஜெயசீலன், பாடகர், என் வீட்டுக்காரர். கல்யாண ரிசப்ஷன், கோவில் திருவிழா, மாதா கோவில் தேர் எல்லாவற்றுக்கும் போவோம். ராயபுரத்தில் ஒரு ரிசப்ஷனில் நாங்கள் வாசித்ததை யாரோ யூட்யூபில் போட்டிருக்கிறார்கள். மோரா அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தேடிப் பிடித்தாள். எதற்கு நான், இங்கே இந்தக் கிட்டாருக்கு ஆளா இல்லை என்று கேட்டேன். "உங்களைப் போல இல்லை" என்றாள். மரியாதைக்குச் சொல்கிறாள்.

சவுண்ட் இன்ஜினியர் பெயர் கிட். முப்பது வயதுப் பையன், நெஞ்சு வரை தாடி. 'கன்ட்ரி' என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தான். அமெரிக்காவில் லாரி, நாய், விஸ்கி, விட்டுப்போன காதலி என்று பாடுவதாம். அதன் பகட்டு பிடிக்காத சிலர் அதே மெட்டுகளைத் தணித்து வேறு விதமாகப் பாட ஆரம்பித்தார்களாம். அதை மோரா எடுத்து இன்னும் தணித்து வைத்திருக்கிறாள். அவர்கள் மூக்கால் பாடுவதை இவள் மூச்சால் பாடுகிறாள். இவள் பாட்டில் லாரி கிடையாது, பஸ் உண்டு. நாய்க்குப் பதில் ஆடு. விஸ்கி இருக்கும் இடத்தில் தேநீர்.

ஐந்து பாட்டையும் போட்டுக் காட்டினாள். மொத்தமே மூன்று சுரக்கூட்டுதான். நம்ம ஊர் சோகப் பாட்டுக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டது மாதிரி. கடைசிப் பாட்டு அவள் அப்பாவும் பஸ்ஸும். அதில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஷெரினுக்குப் போன் செய்தேன்.

அப்பா குளிக்கிறாராம்.

அக்டோபர் 11, புதன்

முதல் ரிஹர்சல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். வெறுங்காலோடு வாசித்துத்தான் பழக்கம், அதோடு அது கோவிலாக இருந்த இடம். தரை ஐஸாக இருந்தது. மோரா ஓடிப் போய் ஆட்டு ரோமத்தில் பின்னிய சாக்ஸ் கொண்டுவந்தாள். இரண்டு காலுக்கும் இரண்டு நிறம்.

அவள் ஒரு வரி பாடி நிறுத்துவாள். நிறுத்தின இடத்தில் நான் வாசிப்பேன். அடுத்த வரி, நிறுத்துவாள், வாசிப்பேன். நாலாவது தடவை கிட் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பியூலா, அந்த இடங்களைக் காலியாகவே விடலாமா?" என்றான். காலியாக எப்படி விடுவது? எங்கள் ஊர் மேடையில் சத்தம் இல்லையென்றால் ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று பொருள். பந்தல்காரன் ஓடி வருவான்.

சரி, ஊரோடு ஒத்து வாழ் என்று இரும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். சும்மா உட்காருவதுதான் எவ்வளவு கஷ்டம். மோரா பாடி முடித்த இடத்தில் கூரை மேல் மழை கேட்டது. மழை நன்றாகத்தான் வாசித்தது.

அக்டோபர் 12, வியாழன்

மழை. ரசப்பொடி கொண்டுவந்தது புத்திசாலித்தனம். மோரா ரசத்தைக் காபி கோப்பையில் ஊற்றி இரண்டு முறை குடித்தாள். அப்பா குளிக்கிறாராம். மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பெரம்பூரில் யார் குளிக்கிறார்கள்? இருக்கட்டும், சென்னையில் புழுக்கம்.

அக்டோபர் 13, வெள்ளி

இன்று ஷெரின் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லு. நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

"என்ன சண்டை? ஒண்ணுமில்லையே."

"அப்பா ரெண்டு மாசமா ஹார்மோனியப் பெட்டியைத் தொறக்கல. டிசம்பர் புரோகிராம் கேட்டு வந்தவங்களை, குழுவைக் கலைச்சாச்சுன்னு சொல்லி அனுப்பிட்டார். உன் பேரை எடுத்தா எழுந்து போயிடறார்."

"வயசாகுதில்ல, அசதியா இருக்கும். ராத்திரியில தயிர் ஊத்தாதே, சளி பிடிக்கும்."

"நான் கேட்டது தயிரைப் பத்தி இல்லம்மா."

இங்கே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

காலையில் தனியாக ஜெபித்துவிட்டுக் கீழே வந்தால், மோரா கோட் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் அப்பா சாப்பிட வருவாராம். டவுனில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார், ஞாபகம் தப்பிக்கொண்டே வருகிறதாம். பஸ்ஸில் போய் அழைத்துவர என்னையும் கூப்பிட்டாள். கார் இருக்கும்போது பஸ்ஸில் போவானேன் என்று கேட்டேன். அவருக்குப் பஸ்தான் பிடிக்குமாம். இதே வழித்தடத்தில் இருபத்தெட்டு வருடம் டிரைவராக இருந்தவர்.

ஆர்தர், எண்பத்திரண்டு வயது. கோட் பொத்தான் கழுத்து வரை போட்டு, தலையைப் படிய வாரி இல்லத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். என் கையைக் குலுக்கி, "டிக்கெட் வாங்கிவிட்டீர்களா?" என்று கேட்டார். வாங்கிவிட்டேன் என்றேன். திருப்தியாகத் தலையசைத்தார்.

பஸ் ஒரு கல் பாலத்துக்கருகில் நின்றது. ஆர்தர் எழுந்து விறுவிறுவென்று கதவருகே போய்விட்டார். மோராவும் எழுந்து போய் அவர் முழங்கையைத் தொட்டாள்.

"அப்பா, இது பாலம். நம்ம வீடு அடுத்த நிறுத்தம்."

"எனக்கு இதுதான்" என்றார் அவர். ஒரு கால் படியில் இருந்தது.

"சரி. அப்போ நடந்து போகலாம், நானும் வர்றேன்."

மூவரும் இறங்கினோம். தூறலில் இருபது நிமிட நடை. அவர் முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தார். அவள் அவர் வேகத்துக்கு நடந்தாள். வீட்டு வாசல் வந்ததும், "அடுத்த நிறுத்தம்தான் என்று சொன்னாய், இல்லையா?" என்று கேட்டார். "சொன்னேன் அப்பா" என்றாள். "நடையும் நல்லதுதான்" என்றார். இருவரும் சிரித்தார்கள்.

பாத்திரம் கழுவும்போது கேட்டேன், இடம் தப்பு என்று சொன்னால் அவர் வருத்தப்படமாட்டாரா, பேசாமல் கூட இறங்கிவிட்டால் போதாதா என்று. முதலில் அப்படித்தான் செய்தாளாம். ஒருநாள் அவருக்குத் தானாகவே புரிந்துவிட்டதாம், மகள் தன்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று. அதன் பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அவர் பஸ்ஸில் ஏறவில்லை.

என் சாக்ஸ் இரண்டும் நனைந்துவிட்டன. அடுப்படிக் கம்பியில் காயப் போட்டிருக்கிறேன். இந்த ஊரில் துணி காய்வதற்குள் நாம் ஊறுகாய் ஆகிவிடுவோம்.

அக்டோபர் 16, திங்கள்

போன் செய்யவில்லை. அவரும் எவ்வளவுதான் குளிப்பார், பாவம்.

அக்டோபர் 17, செவ்வாய்

மானம் போயிற்று.

பஸ் பாட்டை ரெக்கார்ட் செய்தோம். இங்கே தனித்தனியாக வாசித்து ஒட்டுவதில்லை. மோரா கிட்டாரை வைத்துக்கொண்டு பாட, எதிரே நான், ஒரே மூச்சில். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது அடி, 'அவர் இறங்கும் இடத்தில் நானும் இறங்கினேன்' என்று வரும். அந்தக் கடைசிச் சொல்லை அவள் இழுத்துப் பிடித்ததிலிருந்து பாட்டு முடிகிற வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் கிட்டின் குரல்.

"மன்னிக்கணும் பியூலா, மூன்றாவது அடியில் கிட்டார் சுருதி விலகுது."

நானா? எனக்கா? முப்பத்தொரு வருடத்தில் என் கிட்டார் சுருதி விலகுகிறது என்று ஒருவர் சொன்னதில்லை. போட்டுக் காட்டினான். மோராவின் குரல் அந்தச் சொல்லில் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் இறங்குகிறது. என் கிட்டாரும் அவள் கூடவே இறங்குகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு போவதால் கேட்பதற்குத் தப்பாகத் தெரியவில்லை. கிட்டின் கம்ப்யூட்டரில் கோடு மட்டும் தப்பாகத் தெரிந்தது.

இன்னொரு தடவை எடுத்தோம். மோரா மறுபடி அதே இடத்தில் இறங்கினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சரியான இடத்தில் இரும்பை நிறுத்தினேன். சுத்தமாக வாசித்தேன்.

டீ குடிக்கும்போது மோரா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் கல்யாண வீடியோவில் உங்க கணவர் கூடவும் இதைத்தான் செய்றீங்க. அதைக் கேட்டுத்தான் உங்களைத் தேடினேன். வேற யாரும் இப்படிச் செய்து நான் கேட்டதில்லை."

அதெல்லாம் ஒன்றுமில்லை, மேடை சத்தத்தில் அப்படிக் கேட்டிருக்கும் என்றேன். எழுந்து போய் வெங்காயம் உரித்தேன். ஆறு வெங்காயம். சமையலுக்கு ஒன்று போதும்.

அக்டோபர் 18, புதன்

ஸ்டூடியோவுக்கு இன்று விடுமுறை. கிட் ஏதோ வயரை மாற்றுகிறான். அறையில் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்லாததைப் பேனாவிடம் சொன்னால் குற்றமில்லை.

நாலு வருடம் முன்பு வியாசர்பாடியில் ஒரு திருவிழா. சரணத்தில் மேலே போய்த் திரும்புகிற இடம். அவர் திரும்பி வந்து நின்ற இடம் சரியான இடமில்லை, ஒரு இழை கீழே. முதலில் நம்பவில்லை. சீலனுக்காவது சுதி விலகுவதாவது? அந்தக் குரலைக் கேட்டுத்தானே கல்யாணம் செய்துகொண்டேன். நகை நட்டு கேட்டேனா, வேலை என்ன என்று கேட்டேனா? அடுத்த சரணத்திலும் அதே. கீபோர்டு மோகன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்போது என் கை தானாக இரும்பைக் கீழே நகர்த்தியது. அவர் குரல் இருந்த இடத்துக்கே போய் ஒட்டிக்கொண்டேன். மோகன் தன் சத்தத்தைக் குறைத்துவிட்டான். கூட்டம் கைதட்டியது.

மேடையை விட்டு இறங்கியதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னைக்குக் குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எப்போதும் கேட்பார். "அருமையா இருந்துச்சுங்க" என்றேன்.

அவ்வளவுதான், அங்கே ஆரம்பித்தது. காது மந்தமாகி வருகிறது என்று எனக்குத் தெரியும். டி.வி. சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன, நான் என்ன கிழவனா?" என்பார். நானும் விட்டுவிட்டேன். நாலு வருடம். அவர் எங்கே இறங்கினாலும் கூட இறங்கினேன். குழுவில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. ஒவ்வொரு முறையும் துண்டோடு வந்து கேட்பார், நானும் அருமை என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

ராயபுரம் ரிசப்ஷனில் அந்த மாப்பிள்ளைக்கு ரெக்கார்டிங்கில் ஆசை. மிக்ஸரிலிருந்து ஒவ்வொருவர் சத்தத்தையும் தனித்தனியாக எடுத்து, ஆகஸ்டில் ஒரு பென் டிரைவில் போட்டு அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர், ஆசையாகச் செய்தார். நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஷெரினின் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு சீலன் உட்கார்ந்திருந்தார்.

"என் குரலை மட்டும் தனியா கேட்டேன்" என்றார்.

பையைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் உன் கிட்டாரை மட்டும் தனியா கேட்டேன். எத்தனை நாளா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான், "எதுங்க எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து சாப்பாடு, சாவி, கரண்ட் பில், இவ்வளவுதான் பேச்சு. மற்ற நேரம் வாயில் கொழுக்கட்டை. இங்கிருந்து அழைப்பு வந்தபோது, போகட்டுமா என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றார். கிளம்பும் நாள் பெட்டியைத் தெருமுனை ஆட்டோ வரை தூக்கிக்கொண்டு வந்தார். கிட்டாரைத் தொடவில்லை.

எனக்கு அவர் வேண்டும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதிவிட்டேன். பாடாமல் அவர் இருந்துவிடுவாரோ, என்னோடு பேசாமலேயே இருந்துவிடுவாரோ என்று பயம்.

சாக்ஸ் இன்னும் காயவில்லை.

அக்டோபர் 20, வெள்ளி

மோராவும் கிட்டும் வாக்குவாதம். நான் சாதம் வடித்துக்கொண்டே கேட்டேன். கிட் சுத்தமாக வாசித்த இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும் என்கிறான். மோரா முதலாவதை வைக்க வேண்டும் என்கிறாள்.

"ரெண்டாவதுல அவங்க சரியா இருக்காங்க, நான் தப்பா இருக்கேன். எல்லாருக்கும் கேட்கும்" என்றாள். "முதலாவதுல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கோம்."

"சேர்ந்து தப்பா இருக்கீங்க."

"அதுதானே பாட்டு, கிட்."

கடைசியில் அவன் தாடியை இழுத்துக்கொண்டு சரி என்றான். எனக்கு ஒன்று உறுத்தியது. போய்க் கேட்டேன், நீ இறங்கினதும் நான் கூட இறங்கினதும் உனக்கு அவமானமாக இல்லையா என்று. அவள் யோசித்தாள்.

"எனக்குத் தெரியாமலே இருந்திருந்தா அவமானமா இருந்திருக்கும்" என்றாள். "கிட் கோடு போட்டுக் காட்டிட்டானே, தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச பிறகு அது துணையா இருக்கு."

பிறகு கேட்டாள், இதை உங்க கணவருக்கு அனுப்பலாமா என்று. வேண்டவே வேண்டாம் என்றேன். அவருக்கு இங்கிலீஷ் பாட்டு பிடிக்காது.

அக்டோபர் 21, சனி

அனுப்பிவிட்டேன். காலை ஒன்பது பத்துக்கு. கூட ஒரு வரி எழுதலாம் என்று பத்து முறை எழுதி அழித்தேன். கடைசியில் 'மூன்றாவது அடியைக் கேளுங்கள்' என்று மட்டும் போட்டேன்.

வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் வந்துவிட்டது, பார்த்துவிட்டார். பதில் இல்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

ஆர்தர் வந்தார். பாலத்திலேயே இறங்கினோம். இன்று வெயில் இருந்தது. "ஒரு நிறுத்தம் முன்னாலயே இறங்கிட்டோம்" என்று அவரே என்னிடம் கண்ணைச் சிமிட்டினார்.

பதில் இல்லை. நாலு புடவை, இரண்டு ஸ்வெட்டர் இஸ்திரி போட்டேன். மோராவின் மேஜை விரிப்பையும் போட்டேன். போடுவதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், விட்டால் ஆட்டையும் போட்டுவிடுவேன் என்று பயந்தாற்போல் இருந்தது.

அக்டோபர் 23, திங்கள்

ஷெரின் போன். அப்பா காலையில் சட்டை மாற்றிக்கொண்டு எங்கோ கிளம்பிப் போனார், எங்கே என்று சொல்லவில்லை, மத்தியானம்தான் வந்தார் என்றாள். ஹெட்போனை மட்டும் இரண்டு நாளாகத் திருப்பித் தரவில்லையாம்.

"குளிச்சாரா?" என்று கேட்டேன்.

"அம்மா, நக்கலா?" என்றாள். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பிறகு மூக்கு ஒழுகியது. இந்த ஊர்க் குளிர்.

அக்டோபர் 24, செவ்வாய்

காலை பத்து மணி. தேவாலயத்துக்குள் தனியாக உட்கார்ந்து தந்தி மாற்றிக்கொண்டிருந்தேன். மோராவும் கிட்டும் டவுனுக்குப் போயிருந்தார்கள். போன் அடித்தது. ஷெரின் என்று நினைத்து எடுத்தேன்.

"நான்தான்" என்றார்.

ரெண்டு மாதத்துக்கு அப்புறம் தானாக என்னோடு பேச வந்த குரல். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "சாப்ட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சாப்ட்டேன். அந்தப் பொண்ணு மூணாவது அடியில எறங்குது."

"ஆமாங்க."

"நீயும் கூட எறங்கறே."

"ஆமாங்க."

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சுதான் அதை வெச்சுக்கிச்சு."

போனில் காய்கறி வண்டிக்காரர் கூவுவது கேட்டது. எங்கள் தெருதான்.

"எனக்குத் தெரியலையே பியூலா" என்றார். "நீ கூட எறங்கினதுக்கு நான் கோவிச்சுக்கல. அதை நான் தனியா கேட்டப்போ எனக்கு அழுகைதான் வந்துச்சு. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னாடியே வந்திருக்கியே. ஆனா நான் கீழ எறங்கி வந்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டேனே, நாலு வருஷம், அருமைன்னியே. ஊர் முழுக்கத் தெரிஞ்சு, நான் ஒருத்தன் மட்டும் துண்டைப் போட்டுக்கிட்டுச் சிரிச்சிட்டு நின்னிருக்கேன்."

"சொன்னா நீங்க பாடறதை விட்டுடுவீங்கன்னு பயந்துட்டேங்க."

"சொல்லாமலும் விட்டுட்டேன்ல."

"தப்புதாங்க" என்றேன். "அன்னைக்கு எத்தனை நாளான்னு கேட்டீங்களே. நாலு வருஷம். வியாசர்பாடி திருவிழாவிலேருந்து."

"ம்" என்றார். பிறகு, "நேத்து காது டாக்டர்கிட்ட போனேன். ரெண்டு காதுக்கும் மிஷின் வைக்கணுமாம். வெச்சாலும் பழைய மாதிரி ஆகாதாம். கொஞ்சம் தேவலாமாம்" என்றார். தீர்ப்பு சொல்கிறவர் மாதிரி இல்லை, கடைக்குப் போன விவரம் சொல்கிற மாதிரி சொன்னார். "கிட்டார் பக்கத்துல இருக்கா?"

"மடியிலதான் இருக்கு."

"போன்ல சேர்ந்து வாசிக்க முடியாது, லேட்டா வரும். ஒரே ஒரு சுரம் மட்டும் இழுத்துப் பிடிக்கிறேன். நீ சரியான இடத்துல வாசி. நான் எங்க இருக்கேன்னு சொல்லு. உள்ளதைச் சொல்லு."

போனைப் பெஞ்சில் வைத்து, சத்தத்தைக் கூட்டினேன். நாங்கள் மேடையில் முதலில் பாடும் பாட்டின் பல்லவி. அதன் கடைசிச் சுரம். இரும்பைச் சரியான இடத்தில் வைத்து மீட்டினேன். பெரம்பூரிலிருந்து அந்தக் குரல் வந்தது. ரெண்டு மாதம் பாடாத கரகரப்பு, அதே குரல். எனக்கு முன்னால் இருந்த காலி பெஞ்சுகள் எல்லாம் மங்கிப் போயின.

"எறங்கியிருக்கேனா?"

அருமையா இருக்குங்க என்று வாய் வரை வந்துவிட்டது. பழக்கம் விடுமா?

"ஆமாங்க. எறங்கியிருக்கு."

"எவ்வளவு?"

"கால் சுரம் இருக்கும்."

நிறுத்திவிடுவார், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"நீ அங்கேயே நில்லு. நான் வரேன்."

நின்றேன். அவர் மறுபடி எடுத்தார். ஒரு இழை ஏறியது. இன்னொரு இழை. தடவித் தடவி மாடிப் படி ஏறுகிறவர் மாதிரி ஏறினார். பாதிக்கு மேல் வந்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"இப்போ?"

"கிட்ட வந்துட்டீங்க. இன்னும் கொஞ்சம் இருக்கு."

"இவ்வளவுதான் பியூலா எனக்கு வருது."

"தெரியுதுங்க. அங்கேயே பிடிச்சுக்குங்க. நான் எறங்கி வரேன்."

இரும்பை நகர்த்தினேன். அதிக தூரம் இல்லை, ஒரு மயிரிழை. அவர் குரல் இருந்த இடத்தில் போய் நின்றேன். போனில் அது அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். அதுவரைக்கும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். வந்து சேர்ந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, குரலில் அந்த நடுக்கம் நின்றது.

முடித்துவிட்டு இருமினார். தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு, மேடையை விட்டு இறங்கியதும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் கீழதாங்க இருந்துச்சு" என்றேன். "நல்லா இருந்துச்சு."